கிணற்றுக்குள் யாரோ குளிக்கிறார்கள்

அடுத்தவர் வீட்டுக் குடிதண்ணீரைச் சந்தேகப்படுவதற்காக எனக்கு மாதாமாதம் சம்பளம் கொடுக்கிறார்கள். திருவனந்தபுரத்தில் சுகாதாரத் துறைக் களப்பணியாளர் நான். தமிழ் பேசுகிறவள் என்பதால் சாலைக் கடைவீதி, ஆரியசாலைப் பக்கத்துச் சந்துகள் எல்லாம் என் தலையில். மீட்டர் பார்க்கிறவர்கள், கணக்கெடுக்கப் போகிறவர்கள் என்று வாசலில் நின்று காரியம் பார்க்கிற உங்களுக்கெல்லாம் நான் படுகிற பாடு புரியும். ஆனால் ஆரியசாலையில் ஒரு வீட்டில் எனக்கு நேர்ந்தது உங்களுக்கு நேர்ந்திருக்காது என்று நினைக்கிறேன்.

குரல் போனவர்

மழை விட்டு வெயில் அடித்த ஒரு மத்தியானம். பலசரக்கு மொத்த வியாபாரி சங்கரலிங்கம் அண்ணாச்சியின் வீட்டுக்குப் பின்னால் வரிசையாக வாடகை அறைகள். தம்பானூர் ஹோட்டல்களில் வேலை பார்க்கத் தென்காசிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் அங்கே தங்கியிருந்தார்கள். அவர்களில் முருகேசன் என்பவருக்குக் காலையிலிருந்து வயிற்றுப்போக்கு நிற்கவில்லை என்று சொன்னதால் போனேன்.

முந்தின நாள் வரை பரோட்டா அடித்த ஆள் என்று நம்ப முடியவில்லை. கண்கள் குழிக்குள் போயிருந்தன. விரல் நுனிகள் நாளெல்லாம் துணி துவைத்தவர் கை மாதிரிச் சுருங்கியிருந்தன. வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டேன். கிள்ளிய மடிப்பு அப்படியே நின்றது. ஆம்புலன்சுக்குச் சொல்லிவிட்டு, ஓ.ஆர்.எஸ். கரைத்து ஸ்பூனால் புகட்டினேன். அவர் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. வாய்க்குப் பக்கத்தில் காதை வைத்தேன். "சிஸ்டர், நான் பேசுறது எனக்கே கேக்கலை" என்றார்.

ரோஸ் தண்ணீர்

பரிசோதனையில் காலரா என்றே வந்தது. முருகேசன் ஆஸ்பத்திரியில் மெல்லத் தேறினார். நான் மறுபடியும் அந்த அறைக்குப் போனபோது, கூடத் தங்கியிருந்த செல்வம் உட்காரச் சொல்லி ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார். தண்ணீரைச் சிவப்பாக்கும் பதிமுக மரப்பட்டை போட்டுக் கொதிக்கவைத்தது. இந்த ஊரில் வீட்டிலும் ஹோட்டலிலும் அதைத்தான் குடிப்போம். நல்ல வெயிலில் நடந்து வந்திருந்தேன், வாய் வரைக்கும் கொண்டு போய்விட்டேன்.

டம்ளர் ஜில்லென்று இருந்தது. நிறமும் இருக்கவேண்டிய சிவப்பு இல்லை, ரத்தம் பட்ட துணியை அலசிய கடைசித் தண்ணீர் போல வெளுத்திருந்தது. "கொதிக்க வச்சதுதானே?" என்று கேட்டேன். செல்வம் மூலையிலிருந்த மூடாத குடத்தைக் காட்டினார். எல்லாரும் கைவிட்டு மொண்டு மொண்டு அதன் கழுத்தில் வழவழவென்று பாசி. "கொதிக்காம குடிப்போமா? சூடா இருந்தா தொண்டையில இறங்காது, அதான் பாதிக்குப் பாதி கிணத்துத் தண்ணி ஊத்திருவோம்" என்றார் செல்வம்.

தடுத்தவர்

அந்தக் கிணறு அண்ணாச்சி வீட்டு உள்முற்றத்தில் இருந்தது. தண்ணீர் அடிக்கல் தெரியும் அளவுக்குத் தெளிவு. நானும் எங்கள் ஹெல்த் இன்ஸ்பெக்டர் பிஜு சாரும் பிளீச்சிங் பவுடர் வாளியோடு போனோம். அண்ணாச்சியின் மனைவி காந்திமதியம்மா குறுக்கே வந்து நின்றுவிட்டார். ரொம்ப வருஷத்துக்கு முன்னால் அண்ணாச்சியின் தங்கை பார்வதி கல்யாணமாவதற்கு முன்பே அந்தக் கிணற்றில் வழுக்கி விழுந்து இறந்துபோனாராம். தினமும் விடிகிற நேரத்தில் உள்ளே யாரோ மொண்டு ஊற்றிக் குளிக்கிற சத்தம் கேட்கிறதாம். அப்போது கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, முதல் செம்புத் தண்ணீரை இவர் பச்சையாகவே குடிப்பாராம்.

"எப்போலேர்ந்து கேக்குதும்மா?" என்று கேட்டேன். "பக்கத்துல மாடி கட்டி வெயில மறைச்சாங்கல்லா, அதுக்குப் பெறவுதான். இருட்டானதும் வந்துட்டா" என்றார். அண்ணாச்சி அதட்டி அவரை விலக்கினார். நான் பவுடரைக் கரைக்கும்போது காந்திமதியம்மா என் தோளைத் தொட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "கொஞ்சமாப் போடுங்க சிஸ்டர், அவ கண்ணு எரியும்."

மருந்து குடிக்கிற கிணறு

சாயங்காலம் மருந்து போட்டால் காலையில் தண்ணீரில் அதன் மிச்சம் இருக்கவேண்டும். சின்னக் குப்பியில் தண்ணீரெடுத்துச் சோதனைத் திரவம் ஒரு சொட்டு விட்டால், மிச்சம் இருந்தால் மஞ்சளாகும். விடிந்ததும் போய்ப் பார்த்தோம். மஞ்சள் வரவில்லை. அளவைக் கூட்டிப் போட்டோம். மறுநாளும் குப்பி வெள்ளையாகவே நின்றது. வாசனைகூட இல்லை.

அப்போதுதான் நானும் கேட்டேன். கீழே சளப்பென்று ஒரு சத்தம். கொஞ்சம் இடைவெளி. மறுபடி சளப். பெண்பிள்ளை அவசரமில்லாமல் குளிக்கிற மாதிரியே இருந்தது. எட்டிப் பார்த்தால் தண்ணீர்மேல் வட்டம் வட்டமாக அலை, ஆளில்லை. பிஜு சார் கடவுள் நம்பிக்கை இல்லாதவர். குப்பியை மூடிப் பையில் வைத்துவிட்டு இரண்டடி பின்னால் நகர்ந்து நின்றார். "ராதே, இது மருந்து குடிக்குற கிணறு, கேட்டோ" என்றார் என்னிடம், மலையாளம் கலந்த தமிழில்.

பச்சை

கிணற்றைப் பூட்டச் சொன்னோம். அண்ணாச்சி தகரம் போட்டு மூடினார். காந்திமதியம்மா தகரத்தை ஓரமாக நகர்த்தி மொண்டு குடித்திருக்கிறார். அவரையும் ஆம்புலன்சில் ஏற்றினோம். கண் குழிந்து, குரல் போய், என் கையை விடாமல் கிடந்தார். முதல் நாள் பவுடர் வாளியைக் கையில் பிடித்துக்கொண்டு, அவர் சொன்னதுக்கு இரங்கிக் கொஞ்சம் தயங்கி நின்றேனே, அதற்காக என்னையே திட்டிக்கொண்டேன். மாடி கட்டின பிறகுதான் சத்தம் என்று அவர் சொன்னதும் மனதைவிட்டுப் போகவில்லை. பிஜு சாரிடம் சொன்னேன்.

கசிவு கண்டுபிடிக்க ஒரு சாயம் உண்டு, தண்ணீரில் கலந்தால் பளீரென்று பச்சையாகும். பக்கத்து மாடிக் கட்டடத்தின் கழிப்பறைகளில் அதைக் கரைத்து ஊற்றினோம். அண்ணாச்சியும் நானும் டார்ச் அடித்துக் கிணற்றையே பார்த்துக்கொண்டு நின்றோம். சளப் என்று கேட்டது. பக்கவாட்டுக் கல்லிடுக்கிலிருந்து ஒரு பச்சை நாக்கு நீண்டு தண்ணீரில் விழுந்தது. பிறகு கிணறு முழுக்கப் பச்சையாக மினுங்கியது. காலையில் அந்த மாடியில் அத்தனை பேரும் குளித்து, கழுவிவிட்ட தண்ணீர், உடைந்த குழாய் வழியாக வந்துகொண்டிருந்திருக்கிறது. நாங்கள் போட்ட மருந்தையெல்லாம் அந்த அழுக்குத்தான் தின்றிருக்கிறது. அண்ணாச்சி கையிலிருந்த டார்ச்சை அணைத்தார். "என் தங்கச்சின்னுல்லா நெனச்சோம், சிஸ்டர். அவகூடப் பேசக்கூடச் செஞ்சிருக்கேன்" என்றார்.

சத்தம் நின்ற வீடு

குழாயை மாற்றினார்கள், கிணற்றை மூடினார்கள். அறைகளுக்குக் குழாய்த் தண்ணீர் வந்தது. மூடியும் திருகுகுழாயும் உள்ள பாத்திரம் கொடுத்து, கொதித்த தண்ணீரில் பச்சைத் தண்ணீர் கலக்கவேண்டாம் என்று நான் சொல்லிச் சொல்லிச் செல்வம் என்னைக் கண்டாலே, "கலக்கலை சிஸ்டர்" என்று கத்துவார். அந்தச் சந்தில் அதற்குப்பின் யாரும் காலராவில் படுக்கவில்லை.

காந்திமதியம்மா பிழைத்து வந்தார். ஒரு காலையில் பார்க்கப் போனேன். முற்றத்தில் சிமெண்ட் மூடியின்மேல் கைவைத்து உட்கார்ந்திருந்தார். கொதிக்கவைத்த தண்ணீர்தான் குடிக்கிறார், முகமும் தெளிந்திருந்தது. "இப்ப நல்லா இருக்கா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் காதுகொடுத்துக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "ஒரு சத்தமும் இல்ல. இப்பத்தான் எனக்கு இந்த வீட்டுல இருக்கப் பயமா இருக்கு."

ஒரு சந்து முழுக்கப் பிழைத்துக்கொண்டால் அங்கே எதுவுமே நடக்கவில்லை என்றுதான் ஊர் சொல்லும், அதையே எங்களுக்குக் கிடைத்த பாராட்டு என்று வைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக் கதவைத் தட்டவேண்டியதுதான்.