ரோஸ்விதா வீட்டுச் சுவர்

வெள்ளம் வடிந்து இரண்டு வாரமாகியும் ரோஸ்விதாவின் வீட்டுச் சுவர்கள் காயவில்லை. முப்பது வருடம் எங்கள் ஊர் ரொட்டிக்கடையில் நின்று விற்றவள் அவள். கடையை ஆறு கொண்டுபோய்விட்டது. மிஞ்சியது அந்த வீடுதான். சமையலறை மூலைகளில் பூஞ்சை ஏறிக்கொண்டிருந்தது. இந்த வாரம் உலர்த்தும் இயந்திரம் வைக்காவிட்டால் வீட்டையே இடிக்க வேண்டியிருக்கும் என்று கொத்தனார் சொல்லிவிட்டுப் போனார்.

செவ்வாய்க்கிழமை மதியம் நாற்பது உலர்த்தும் இயந்திரங்களோடு ஒரு லாரி வரும் என்று முன்கூட்டியே செய்தி வந்தது. பூட்டி வைக்க இடம் இருந்தால்தான் இறக்குவார்கள். இல்லையென்றால் லாரி அடுத்த ஊருக்குப் போய்விடும். பூட்டக்கூடிய இடம் மேட்டில் இருந்த பள்ளியின் விளையாட்டுக்கூடம் ஒன்றுதான். அது முழுக்கத் துணி.

வெளியூர்க்காரர்கள் நன்கொடையாக அனுப்பிய, யாரும் கேட்காத துணி. ஜூலை மாதக் கோடையில் கம்பளிக் கோட்டு, பனிச்சறுக்குக் காலணி, கார்னிவல் திருவிழாவுக்கான கோமாளி உடை, துவைக்காத உள்ளாடை. நாங்கள் பதினைந்து பெண்கள் பத்து நாளாக அதை அளவு வாரியாகப் பிரித்து, மடித்து, அட்டையில் எழுதி ஒட்டினோம். வீதியில் சேறு அள்ள ஆளில்லை. நாங்கள் கால்சட்டை மடித்துக்கொண்டிருந்தோம். நினைத்தால் இன்றும் என் மேலேயே எனக்கு எரிச்சல் வருகிறது.

செவ்வாய் காலை ரோஸ்விதா உள்ளே வந்தாள்.

"எல்லாத்தையும் வெளிய தள்ளு, ஹுபர்ட்டு."

ஊர்த்தலைவர் ஹுபர்ட் பதறினார். "மெதுவா பேசு, ரோஸி. பத்திரிகைக்காரன் காதுல விழுந்தா நன்றி கெட்ட ஊருன்னு எழுதிடுவான்."

"எழுதட்டும். என் சுவர்ல காளான் முளைக்குது. இந்தக் கோமாளித் தொப்பிய மாட்டிக்கிட்டுப் பறிக்கவா?"

"சரி, சாக்குல போட்டு, மேல அளவு எழுதி..."

"அளவா! குப்பைக்கு என்னய்யா அளவு?"

அவளே ஜன்னலைத் திறந்து எறிய ஆரம்பித்தாள். கீழே திராட்சை ஏற்றும் டிராக்டர் வண்டி நின்றது. நாங்களும் எறிந்தோம். பதினொன்றரைக்குக் கூடம் காலி.

அப்போது வடக்கிலிருந்து ஒரு லாரி வந்து வாசலை அடைத்து நின்றது. பக்கவாட்டில் வெள்ள உதவி என்று எழுதிய பெரிய பதாகை.

"என்ன இருக்கு?" என்று கேட்டாள் ரோஸ்விதா.

"துணிங்க. நல்ல துணி. ஒரு போட்டோ எடுத்துட்டு இறக்கிடுறோம்" என்றார் ஓட்டுநர்.

"கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு போன் போட்டு என்ன வேணும்னு கேட்டீங்களா?"

"உதவ வந்தவங்ககிட்ட இப்படியா பேசுவீங்க?"

"உங்க அலமாரிய காலி பண்ணினதுக்குப் பேரு உதவியா? திருப்பிக் கொண்டு போங்க."

அவள் பின்னாலிருந்து ஹுபர்ட் குழைந்தார். "கோவிச்சுக்காதீங்க. உள்ள இறக்குங்க, இறக்குங்க."

இறக்கிவிட்டார்கள். காலியான கூடம் மறுபடி மூட்டைகளால் நிறைந்தது. ஹுபர்ட் சிரித்துக்கொண்டே போட்டோவுக்கு நின்றார்.

இயந்திர லாரி சரியாகப் பன்னிரண்டுக்கு வந்தது. ஓட்டுநர் கூடத்தை எட்டிப் பார்த்தார். "இடம் இல்லியே. பூட்டுற இடத்துல இறக்கணும்னு உத்தரவு." வண்டியைத் திருப்பப் போனார்.

ரோஸ்விதா நடுச்சாலையில், லாரிக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

"கீழ நாற்பது வீடு இருக்கு. எல்லாத்துக்கும் கதவு இருக்கு, கதவுக்குப் பூட்டும் இருக்கு. நேத்துல இருந்து கரண்டும் இருக்கு. வீட்டு வாசல்ல இறக்குங்க. இல்லன்னா என் மேல ஏத்திட்டுப் போங்க."

ஓட்டுநர் எங்களைப் பார்த்தார். நாங்கள் ஒவ்வொருவராகப் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தோம். கடைசியில் அவர் வண்டியைக் கீழே வீதிக்கு ஓட்டினார்.

முதல் இயந்திரம் ரோஸ்விதா வீட்டு வாசலில் இறங்கியது. படியேற்ற ஹுபர்ட் கை கொடுக்க வந்தார்.

"தொடாதே" என்றாள் அவள்.