ஜன்னல் பக்கம் திரும்பி உட்காரும் அக்கா

தாள் அக்கா எங்கள் வகுப்புக்கு வந்தால், எல்லோருக்கும் கேள்வித்தாளைக் கொடுத்துவிட்டு, நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டு, எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்துவிடுவார். இருபது நிமிடம். அறையில் பென்சில் ஓடும் சத்தமும் மின்விசிறியும் மட்டும் இருக்கும். மதிய வெயில் உள்ளே வந்து அவர் தோளில் பூனை மாதிரி படுத்துக்கொள்ளும்.

எல்லாப் பென்சிலும் ஒரே நிறம், ஒரே நீளம். யார் எழுதியது என்று பென்சிலை வைத்துக்கூடத் தெரியக் கூடாதாம். பஸ்ஸில் வரும்போதே சீவிக்கொண்டு வருவார்; பையைத் திறந்தால் சுருள் சுருளாக உதிரும். தாளில் பேர் எழுதக் கூடாது. முடித்ததும் பூட்டிய பெட்டியில் போட வேண்டும். திறப்பதற்கு முன் பெட்டியைத் தூக்கி மெதுவாகக் குலுக்குவார், குழந்தையைத் தாலாட்டுகிற மாதிரி. போட்ட வரிசை கலைய வேண்டுமாம்.

"இதுக்கு முன்னாடி என்னக்கா வேலை பாத்தீங்க?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"போக்குவரத்து சர்வேக்கு ரோட்டோரம் குடை புடிச்சு உக்காந்து லாரி எண்ணினேன். மூணு வருஷம்."

"அதுக்கு இது தேவலையா?"

"லாரி பொய் சொல்லாதுப்பா."

நாங்கள் முப்பது பேர். வண்டிகளுக்குப் பட்டி பார்த்து பெயிண்ட் அடிக்கக் கற்றுக்கொள்கிறோம். எங்கள் பயிற்சிக் கூடத்தில் போதைத் தடுப்புத் திட்டம் ஒன்று நடந்தது. வெள்ளிக்கிழமைகளில் ஒருவர் வந்து கெட்டுப்போன நுரையீரல் படம் காட்டுவார், நாங்கள் விசிலடிப்போம். அதோடு, மூன்று மணியிலிருந்து ஐந்து மணிவரை ஓர் அறை திறந்திருக்கும். ஒரு டேபிள் டென்னிஸ் மேசை, ஒரு ரேடியோ, ரிட்டயர் ஆன டிரைவர் மாமா. அவர் யாருக்கும் அறிவுரை சொல்ல மாட்டார், தோற்றால் மட்டும் அழுகுணி ஆட்டம் ஆடுவார். திட்டத்துக்கு முன்னால் ஒரு தடவை, நான்கு மாதம் கழித்து ஒரு தடவை எங்களைக் கேட்டு, ஏதாவது மாறியிருக்கிறதா என்று பார்ப்பதுதான் தாள் அக்காவின் வேலை.

எனக்குப் பக்கத்தில் தூங்குமூஞ்சி உட்காருவான். அவன் சட்டைப்பையில் மடித்த துணி ஒன்று இருக்கும், பெயிண்ட் கரைக்கும் தின்னரில் நனைத்தது, முகர்ந்து போதை ஏற்றிக்கொள்ள. எங்கள் தொழிலில் எல்லோர் மேலும் அந்த வாடை அடிக்கும் என்பதால் யாரும் கண்டுபிடிக்கவில்லை. எனக்குத் தெரியும். சில நாள் அந்தத் துணி என் கைக்கும் வந்திருக்கிறது. அறை திறந்த பிறகு மூன்றிலிருந்து ஐந்துவரை துணி பையிலேயே தூங்கியது, அவன் விழித்திருந்தான்.

முதல் தடவையே பதினான்காவது கேள்வி என் கண்ணை உறுத்தியது. 'பெலோரின் மாத்திரையை எவ்வளவு அடிக்கடி பயன்படுத்துகிறீர்கள்?' எந்த ரவுடி வாயிலும் கேட்டிராத பேர். இரண்டாம் தடவைக்கு முந்தின நாள் எல்லோரையும் கூட்டினேன்.

"மச்சான்களா, பதினாலுக்கு எல்லாரும் 'தினமும்'னு போடுங்கடா. ஆபீஸே ஆடிப்போகட்டும்."

போட்டார்கள்.

ஒரு வாரம் கழித்து அக்கா வந்தார். அன்று பென்சில் இல்லை. நாற்காலியும் எங்களைப் பார்த்தே இருந்தது.

"பெலோரின்னு ஒண்ணு உலகத்துலயே கிடையாது. நாங்களா வச்ச பேரு. விளையாட்டுக்கு எழுதுறாங்களான்னு பாக்குறதுக்கு. இருபத்தொம்பது பேரு தினமும் சாப்பிடறீங்க."

சிரிப்பு வெடித்தது. "அதான்க்கா, எவ்ளோ சாப்பிட்டும் ஏறவே இல்ல!" என்றான் கடைசி பெஞ்சு. அக்காவும் சிரித்துவிட்டார். சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார்.

"விதிப்படி உங்க வகுப்புத் தாள் எதுவும் செல்லாது. தாள் இல்லன்னா, பலன் தெரியலன்னு எழுதி மாசக் கடைசியில திட்டத்தை நிறுத்திடுவாங்க."

"ரூமையுமா?"

கேட்டது தூங்குமூஞ்சி. வகுப்பில் அவன் குரலை அன்றுதான் முதலில் கேட்டேன். உண்மையாக எழுதிய முப்பதாவது ஆள் யார் என்றும் அன்றுதான் புரிந்தது.

பஸ் நிறுத்தத்துக்கு அக்கா பின்னாலேயே ஓடினேன்.

"அக்கா, அது வந்து... அதை ஆரம்பிச்சதே—"

பையைக் கீழே போட்டுவிட்டு இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். "சொல்லாத! பேரு காதுல விழுந்தா அப்புறம் எவன் என்னை நம்பி எழுதுவான்?"

"அப்போ ரூமு?"

"இன்னொரு தடவை எழுதலாம். நான் கேட்டா அது வற்புறுத்தல். நீங்களா கேக்கணும், வியாழக்கிழமைக்குள்ள."

கெஞ்சுவது எனக்குப் பழக்கமில்லாத வேலை. "டேய், நீயாடா இது? காய்ச்சல் கீய்ச்சலா?" என்றார்கள். கடைசி பெஞ்சு ஒரு வாரம் தன் ஸ்ப்ரே கன்னை நான்தான் கழுவ வேண்டும் என்றது. கழுவினேன். முப்பது பேரும் போய்க் கேட்டோம்.

வியாழக்கிழமை ஜன்னலை ஒட்டிய இடத்தில் வேண்டுமென்றே உட்கார்ந்தேன். எனக்கு ஒரு சந்தேகம். அந்த ஜன்னல் கண்ணாடியில் நாங்கள் எல்லோரும் தெரிந்தோம், குளத்துத் தண்ணீரில் தெரிகிற மாதிரி, லேசாக அசைந்து. முதுகு காட்டுவது சும்மா நடிப்பு, கண்ணாடியில் எங்களைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார் என்று நினைத்தேன். நாக்கை நீட்டினேன். கன்னத்தை உப்பினேன். அவரிடம் அசைவே இல்லை. குனிந்து எட்டிப் பார்த்தேன்.

அக்கா கண்ணை மூடிக்கொண்டிருந்தார். ஒளிந்து பிடித்து விளையாடுகிற குழந்தை ஏமாற்றாமல் மூடிக்கொள்ளுமே, அப்படி இறுக்கமாக. இமைமேல் வெயில் மஞ்சளாக விழுந்திருந்தது. அவர் எத்தனை அறையில், எத்தனை ஜன்னல் பக்கத்தில் இப்படி இருட்டில் உட்கார்ந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். விசிறி சுற்றியது. என் பென்சில் நகரவில்லை.

ஒன்பதாவது கேள்வி, கடந்த முப்பது நாளில் தின்னர் முகர்ந்தது எத்தனை நாள். அறையைக் காப்பாற்ற 'ஒரு நாளும் இல்லை' என்று போட்டுவிடலாம் என்றுதான் வந்திருந்தேன். மூடிய அந்தக் கண்ணுக்குப் பக்கத்தில் அது முடியவில்லை. 'ஐந்து நாள்' என்று எழுதினேன். பக்கத்தில் தூங்குமூஞ்சி எழுதினான், அழித்தான், மறுபடி எழுதினான். நான் பார்க்கவில்லை. நானும் கண்ணை மூடிக்கொண்டேன்.

மாதக் கடைசியில் அக்கா முடிவைச் சொல்ல வந்தார்.

"நுரையீரல் படத்தால ஒரு மாத்தமும் இல்ல. அதை நிறுத்துறாங்க. ரூமுக்குப் போனவங்ககிட்டதான் குறைஞ்சிருக்கு. தின்னர் முன்னாடி பதினோரு பேரு, இப்ப ஏழு. இனிமே ரூம் ஆறு மணி வரைக்கும்."

"ஏழு ஜாஸ்திதானேக்கா?"

"ஜாஸ்திதான். ஆனா நிஜமான ஏழு" என்றார், லாரி எண்ணின குரலில்.

சாயங்காலம் ஐந்தரைக்குத் தூங்குமூஞ்சி டிரைவர் மாமாவைத் தோற்கடித்தான். பந்து மேசையைத் தாண்டி வெயிலுக்குள் உருண்டு போனது.

அந்த ஏழு பேரை ஆறு பேராக்க ஒருவன் முயற்சி செய்துகொண்டிருக்கிறான். யார் என்று கேட்காதீர்கள். தாளில் பேர் எழுதக் கூடாது.