எல்லார் தோலிலும் இருக்கும் கிருமி

காக்ஸ் டவுனில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் அப்போது மூன்று மாடுகள் கட்டியிருந்தோம். நான் படித்தது நாலாம் வகுப்பு வரைதான். பால் கறப்பதும் வீடு வீடாய்க் கொண்டுபோய் ஊற்றுவதும் தொழில். வாசலில் 'பால்' என்று ஒரு குரல் கொடுத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொள்வேன். வாடிக்கை வீட்டுக்காரர்களில் பாதிப் பேர் முகத்தை நான் நேராகப் பார்த்ததில்லை.

கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து எங்களுக்கு ஒரு மகள் பிறந்தாள். ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். கை நரம்பில் நூல் மாதிரி ஒரு குழாய், மூக்கு வழியாக வயிற்றுக்கு இன்னொரு குழாய். என் மனைவிக்கு ஆபரேஷன் தையலில் சீழ் வைத்து ஜுரம். மேல்மாடி வார்டை விட்டு இறங்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அவள் பீய்ச்சித் தரும் பாலைக் கீழே கொண்டுவருவது என் வேலை. கேன் கேனாய்ப் பால் சுமக்கிறவன், மூடி போட்ட ஒரு கிண்ணத்தில் அடியை மட்டும் நனைத்திருக்கும் பாலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு படியிறங்குவேன். எதிரில் ஆள் வந்தால் சுவரோரம் ஒதுங்கி நின்றுவிடுவேன்.

வாங்கிக்கொள்ளும் மலையாள சிஸ்டர் தினமும் கேட்பார். "தண்ணி ஒண்ணும் கலக்கலியே, பால்காரரே?"

நான் தரையைப் பார்த்துச் சிரிப்பேன்.

ஒரு நாள் மகள் துவண்டுபோனாள். குடித்த பால் செரிக்கவில்லை. மூச்சு நடுநடுவே நின்றது. சிஸ்டர் பாதத்தைச் சுண்டினால்தான் திரும்ப வந்தது. ரத்தம் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். அதன் முடிவு வந்ததும் டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டார். கோஅகுலேஸ் நெகட்டிவ் ஸ்டாஃபிலோகாக்கஸ் என்றார். அந்த நீளப் பெயர் அன்றைக்கு நாக்கில் நிற்கவில்லை. பிறகு பல தடவை காதில் விழுந்து மனப்பாடமானது.

"இது எல்லார் தோல்லயும் இருக்கிற கிருமிதான். நமக்கு ஒண்ணும் பண்ணாது. இவ்ளோ சின்னக் குழந்தைக்கு, குழாய் வழியா ரத்தத்துக்குள்ள போயிட்டா ஆபத்து. குழாயை எடுத்தாச்சு, மருந்து ஆரம்பிச்சாச்சு. பாக்கலாம்."

"மாட்டு மடிக்கும் இது வருமா டாக்டரம்மா?"

"வரும். இந்தக் கிருமியில நிறைய வகை இருக்கு. ஏன் கேக்குறீங்க?"

ஒன்றுமில்லை என்று தலையாட்டிவிட்டேன்.

மகள் பிறப்பதற்குச் சற்று முன்னால், அந்த மழைக்காலத்தில்தான் எங்கள் சிவப்பு மாட்டுக்கு ஒரு காம்பு வீங்கிப் பால் திரிதிரியாய் வந்தது. கறக்கும்போது விரல் வழுக்குவதற்காகக் கறந்த பாலிலேயே தொட்டுக்கொள்வது எங்கள் வழக்கம். என் அப்பா அப்படித்தான் கறந்தார், நானும் அப்படித்தான். மாட்டு டாக்டர் பாலைச் சோதித்து, தோலில் இருக்கும் கிருமி என்றார். ஈரக் கைதான் அதை ஒரு காம்பிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகிறது என்று கன்னடத்தில் திட்டினார். மாடு பிழைத்தது. அந்தக் காம்பு முன்போலச் சுரக்கவே இல்லை.

மகள் பிறந்த மறுநாள், பெட்டியின் துவாரத்தில் கைவிட்டு அவள் காலைத் தொட்டிருந்தேன். முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிய கைதான். ஆனாலும் என் கை. டாக்டரம்மா சொன்னதிலிருந்து பெட்டிக்கு முன்னால் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.

மேலே மனைவி கேட்பாள். "தொட்டீங்களா? கதகதன்னு இருக்காளா, ஜில்லுன்னு இருக்காளா?"

"கதகதன்னுதான் இருக்கா."

"நான் எறங்கி வர்ற வரைக்கும் என் பங்குக்கும் நீங்கதான் தொடணும்."

சரி என்பேன்.

மருந்து கேட்டது. மூச்சு நிற்பது குறைந்து, பிறகு இல்லாமலே போயிற்று. பால் செரித்தது. ஆனால் எடை ஏறவில்லை. குழந்தையை வெறும் நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும், அம்மாவுக்கு ஜுரம் விடும் வரை அப்பா செய்யட்டும் என்றார் டாக்டரம்மா.

"வேணாம் டாக்டரம்மா. என் தோலு..." என்று இழுத்தேன். பிறகு சிவப்பு மாட்டைப் பற்றிச் சொல்லிவிட்டேன். அவ்வளவு நேரம் அவரிடம் நான் பேசியதே இல்லை.

அவர் சிரிக்கவில்லை. தன் உள்ளங்கையை விரித்துக் காட்டினார். "இதுலயும் இருக்கு. சிஸ்டர் கையிலயும் இருக்கு. உங்க பொண்ணு மேலயே இருக்கு. யார்கிட்டேயிருந்து உள்ள போச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாது. இப்ப அவ தேறிட்டா. நல்லா கழுவிட்டு வந்து உக்காருங்க. உங்க சூடு அவளுக்கு வேணும்."

சிஸ்டர் நாற்காலியை இழுத்துப் போட்டார். "மாட்டை மட்டும்தான் தடவிக் கொடுப்பீங்களோ? சட்டையைக் கழட்டுங்க. பனியனையும்."

அத்தனை பெண்கள் நடமாடும் இடத்தில் வெற்று நெஞ்சோடு உட்கார்ந்தேன். காது சுட்டது. சிஸ்டர் மகளைத் தூக்கி என் மார்பில் கவிழ்த்து, மேலே ஒரு துணியைப் போர்த்தினார். பால் நிரம்பிய ஒரு லிட்டர் அளவைக் குவளை அவளைவிடக் கனக்கும். கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் காற்றில் வைத்திருந்தேன். சிஸ்டரே அதைப் பிடித்து அவள் முதுகில் வைத்தார். முதுகு முழுவதும் என் கைக்குள் அடங்கிவிட்டது. எலும்பு எலும்பாய்த் தட்டுப்பட்டது. சிறிது நேரம் கால்களை உதைத்தாள். பிறகு கன்னத்தை என் நெஞ்சில் அழுத்திக்கொண்டு அடங்கினாள். அவள் மூச்சு என் தோலில் படுவது தெரிவதற்காக நான் என் மூச்சை மெதுவாக விட்டேன்.

அன்று முதல் மத்தியானப் பால் ஊற்றியதும் ஓடிவந்துவிடுவேன். சட்டையைக் கழற்றச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எடை ஏறத் தொடங்கியது.

ஜுரம் விட்ட பிறகு ஒரு நாள் மனைவியைச் சக்கர நாற்காலியில் ஆயா தள்ளிக்கொண்டு வந்தார். என்னைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்னங்க கோலம் இது."

சிஸ்டர் சொன்னார், "தினமும் இப்படித்தான். ஒரே வெக்கம், எழுந்து மட்டும் போக மாட்டார்."

மனைவி இரண்டு கையையும் நீட்டினாள். "போதும், சட்டையை மாட்டிக்கிட்டு அவளை இங்க குடுங்க."

"இரு," என்றேன். "இப்பதான் தூங்குனா."

அவள் நீட்டிய கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு நாற்காலியை என் பக்கத்தில் ஒட்டி நிறுத்தும்படி ஆயாவிடம் சொல்லிவிட்டு, நான் கொடுக்கும் வரை காத்திருந்தாள்.