வலது முன்சில்லின் ஆட்டம்

சிட்னியின் டூங்கபியில் கார் வைத்திருக்கிற தமிழர்களில் பாதிப்பேர் ஒரு சனிக்கிழமையாவது விக்னராஜாவின் வீட்டு வாசலில் பொனற்றைத் திறந்துகொண்டு நின்றிருப்பார்கள். வாரநாட்களில் அவர் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். இளவயதில் யாழ்ப்பாணத்து லொறிப் பட்டறை ஒன்றில் மூன்றே மூன்று வருஷம் வேலை பழகினார். அந்த மூன்று வருஷத்தை வைத்துக்கொண்டு சிட்னியில் முப்பது வருஷம் பெரிய மெக்கானிக் என்று பெயர் எடுத்துவிட்டார். கெட்டிக்காரர்தான், இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் அவர் ஒன்றைச் சொன்னால் அதுதான் முடிவு. வேலை செய்யும்போது பக்கத்தில் யாரும் நிற்கவும் கூடாது.

அவருடைய சொந்த வாகனம் ஒரு பழைய ஜீப். இந்த வருஷம் பதிவு புதுப்பிக்கச் சோதனைக்குக் கொண்டுபோனபோது, அங்கிருந்த வெள்ளைக்காரக் கிழவன் ஜீப்பை உயர்த்தி, வலது முன்சில்லை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டிப் பார்த்தான். சில்லு டக் டக்கென்று ஆடியது. பாஸ் இல்லை என்றான்.

“பெயரிங்தானே? எனக்குத் தெரியும்,” என்றார் விக்னராஜா.

“இருக்கலாம். ஆனால் பெயரிங்கைக் குற்றம் சொல்ல முதல் ஒரு ஆளைப் பிறேக்கை அமத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு ஆட்டிப் பார். ஆட்டம் நின்றால் பெயரிங். நிற்காவிட்டால் கோளாறு வேறெங்கோ,” என்றான் கிழவன்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் விக்னராஜாவுக்கு ஆத்திரமாக வந்தது. கிழவன்மீது இல்லை, பிரஷாந்தன்மீது. பிரஷாந்தன் அவருடைய மனைவி யோகாவின் ஒரே தம்பி. பதினொரு வருஷத்துக்கு முன்னால் இந்தச் சில்லுகளுக்குப் பெயரிங் மாற்றிப் போட்டவன் அவன்தான்.

அப்போது அவனும் டூங்கபியில்தான் இருந்தான். இரண்டு குடும்பமும் சேர்ந்து மலைப்பக்கம் கூடாரம் போட்டுத் தங்கப் போவதாக ஏற்பாடு. அத்தானுக்கு வேலை கூட என்று, அவனே இரண்டு நாள் கிடந்து முன்சில்லு இரண்டுக்கும் பெயரிங் போட்டுக் கொடுத்தான். போகும்போது ஒரு குறையும் இல்லை. திரும்பி வரும்போது நெடுஞ்சாலையில் ஒரு மேட்டில் ஏறி இறங்கியதும் முன்சில்லுகள் பேய் பிடித்ததுபோல் ஆடத் தொடங்கின. ஸ்ரியறிங் கைக்குள் நிற்கவில்லை. பக்கத்தில் பெரிய லொறி. பின்னால் பதின்மூன்று வயது மகள் நிரூபா வீரிட்டு அழுதாள். எப்படியோ ஓரங்கட்டி நிறுத்தினார்.

வீட்டுக்கு வந்து சில்லு நட்டை இறுக்கினார். கையோடு ஸ்ரியறிங்கின் ஆட்டத்தை அடக்குகிற டாம்பரையும் மாற்றினார். ஆட்டம் நின்றுவிட்டது. இரண்டு வேலையில் எதனால் நின்றது என்று யோசிக்க அவருக்குப் பொறுமை இருக்கவில்லை. நட்டு இளகித்தான் இருந்திருக்கும், இளக விட்டவன் மச்சான், வழக்கு முடிந்தது.

அடுத்த வாரம் ஒரு பிறந்தநாள் வீட்டில், எழுபது எண்பது பேருக்கு முன்னால், “என்ர பிள்ளையைக் கொல்லப் பாத்தவன் நீ,” என்றார். பிரஷாந்தன் சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனான். இரண்டு மாதம் கழித்து நிரூபா வயதுக்கு வந்து பெரியபிள்ளை ஆனாள். சடங்கில் தாய்மாமன் தேங்காய் உடைத்துத் தண்ணீர் வார்க்க வேண்டும். விக்னராஜா, “அவன் இந்த வாசல் மிதிக்கக் கூடாது,” என்று ஒரே பிடியாய் நின்றார். யோகா கெஞ்சிப் பார்த்தாள், இரண்டு நாள் சாப்பிடாமலும் கிடந்தாள். கடைசியில் ஒன்றுவிட்ட சகோதரன் ஒருவன் மாமன் இடத்தில் நின்றான். அதற்குப் பிறகு பிரஷாந்தன் மெல்பேர்னுக்குப் போய்விட்டான். அக்காவும் தம்பியும் நாள் பெருநாளுக்குப் போனில் சுகம் விசாரிப்பதோடு சரி. அதுவும் விக்னராஜா உள்ளே வந்தால் யோகா போனை வைத்துவிடுவாள்.

சனிக்கிழமை காலை ஜீப்பை ஜாக்கில் ஏற்றிய விக்னராஜா ஒரு கணம் யோசித்தார். ஆள் வேண்டும் என்று கேட்பது அவருக்குக் கசப்பான காரியம். ஆனாலும் கேட்டார்.

“யோகா, ஒருக்கா வாரும். இதில ஏறி இருந்து பிறேக்கை அமத்திப் பிடியும்.”

குசினியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள் யோகா. “நானோ? எனக்கு என்ன தெரியும்?”

“ஒண்டும் தெரியத் தேவையில்லை. காலை வைச்சா காணும்.”

அவள் ஏறி இருந்து அமத்தினாள். அவர் சில்லை மேலும் கீழும் பிடித்து ஆட்டினார். ஆட்டம் நிற்கவில்லை. டக் டக்.

“வடிவா அமத்துறீரோ?”

“ஓம் அப்பா, கால் நோகுது.”

திரும்பவும் ஆட்டினார். அதே டக் டக். பெயரிங் இல்லை. அப்படியென்றால் சில்லைத் திருப்புகிற மூட்டுப் பகுதிதான், அதன் மேல்மூடிக்குக் கீழே. அந்த மூடியைத் திறந்தவர்கள் யார் என்று நினைத்துப் பார்த்தார்.

சில்லைக் கழற்றி மூடியைத் திறந்தார். மூடிக்கு அடியில் இருக்க வேண்டிய மெல்லிய தகட்டோடு இன்னொன்றும் இருந்தது. கத்தரிக்கோலால் வட்டமாக வெட்டியது. துணியால் துடைத்தபோது ஓரத்தில் மஞ்சள் எழுத்தில் அரைவாசி தெரிந்தது. பால்மா வந்த தகர ரின்.

சிட்னியில் பால்மா ரின்னை வெட்டி ஜீப்புக்குள் வைக்கிறவன் ஒரே ஒருவன்தான். போர்க்காலத்துப் பொருளாதாரத் தடையின்போது யாழ்ப்பாணத்துக்கு ஒரு நட்டுகூட வராது. பட்டறையில் தகரம் வெட்டித்தான் லொறியை ஓட்டினார்கள். அந்தக் கைப்பழக்கம் விக்னராஜாவை விட்டுப் போகவில்லை. மலைக்குப் போக ஒரு மாதம் முன்னால் இந்த இடத்தில் எண்ணெய் கசிந்தது. கடையில் சரியான தகடு வாங்கலாம், ஆனால் வாங்குகிறவன் மெக்கானிக்கா? கூடுதலாக ஒரு தகரம் வைத்து மூடினார். கசிவு நின்றது. கூடுதல் தகரம் மூடியை ஒரு மயிரிழை உயர்த்திவிட்டது, உள்ளே பிடி தளர்ந்துவிட்டது. நெடுஞ்சாலையில் சில்லை ஆட்டியது இதுதான், பிறகு போட்ட டாம்பர் அதை அடக்கி வைத்திருந்தது, இப்போது தேய்ந்து பெரிதாகிவிட்டது. மச்சான் போட்ட பெயரிங் பதினொரு வருஷம் கழித்தும் ஒரு கீறல் இல்லாமல் இருந்தது.

அவர் தரையில் குந்திவிட்டார். வெட்கமா துக்கமா என்று அவருக்கே தெரியவில்லை. யோகா இன்னும் சீற்றிலேயே இருந்தாள். பிறகு, “உம்மட போனில பிரஷாந்தனுக்கு எடும்,” என்றார். அவள் அவரை ஒருமாதிரிப் பார்த்தாள். எடுத்தாள். அவர் கையெல்லாம் கிறீஸ் என்பதால் போனை ஸ்பீக்கரில் போட்டு சீற்றிலேயே வைத்தாள்.

“அக்கா?”

“நான் அத்தான் கதைக்கிறன். டேய், அந்தச் சில்லு... பிழை உன்னில இல்லை. நான் வைச்ச தகரம்.”

“தெரியும், அத்தான்.”

“தெரியுமோ?”

“நட்டு இறுக்கினது எனக்கு நல்ல ஞாபகம். அப்ப மேல் மூடியிலதான் பிழை எண்டு யோசிச்சனான். நீங்கள் எண்ணெய் ஒழுக்கு அடைச்சதும் தெரியும்.”

“பிறகு ஏனடா சொல்லேல்லை?”

“வந்தனான் அத்தான். பிறந்தநாள் வீட்டுக்கு அடுத்த ஞாயிறு. ஆக்களுக்கு முன்னால சொல்லக் கூடாது எண்டு தனிய வந்தனான். கதவைத் தட்டிக்கொண்டு நிண்டனான், நீங்கள் திறக்கேல்லை.”

விக்னராஜாவுக்கு அந்த ஞாயிறு நன்றாக ஞாபகம் இருந்தது. திரைச்சீலைக்குப் பின்னால் நின்று அவன் போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். யாரப்பா என்று யோகா குசினியிலிருந்து கேட்டதற்கு, ஏதோ விற்க வந்தவன் என்று சொன்னார்.

“பிழைதான்டா,” என்றார்.

“சரி, விடுங்கோ அத்தான். நான் வேலையில நிக்கிறன், பிறகு எடுக்கிறன்,” என்றான் பிரஷாந்தன். குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

யோகா போனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கழற்றிப்போட்ட சில்லையும் அவர் கையிலிருந்த தகரத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“பிள்ளைக்குத் தண்ணி வாக்கிறதுக்கு முதல்,” என்றாள், “என்னை ஒருக்கா இந்தச் சீற்றில இருத்தியிருக்கலாமே அப்பா.”