‘இறங்குது’ என்று சொன்னேன்

2024 ஜூன் 19, புதன்கிழமை. பால் வாங்கி வந்தேன். மோட்டார் போட்டு மேல்தொட்டியை நிரப்பினேன். அண்ணனூரில் ரயிலேறி அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு வேலைக்குப் போனேன். கடைசல் உருப்படிகளை மைக்ரோமீட்டரால் அளந்து பார்ப்பது என் வேலை. அன்று அதன் திருகு இருமுறை விரலிலிருந்து நழுவியது. வியர்வை என்று வைத்துக்கொண்டேன்.

மாலையில் கழுத்துக்குக் கரண்ட் வைக்கும் நேரம். நாள்பட்ட கழுத்து வலி. பூந்தமல்லியில் ஒரு பிசியோதெரபிஸ்ட் பெண்ணிடம் முதலில் நேரில்தான் போனேன். பஸ் குலுக்கலில் வலி கூடியதால், சிறிய கரண்ட் மிஷினைக் கொடுத்தனுப்பி, செல்போன் வீடியோவில் பார்த்தபடியே பயிற்சி சொல்லித் தந்தார். பிடரியின் இருபுறமும் பேட் ஒட்டுவது என் மனைவி. எறும்பு ஊர்வதுபோல விறுவிறுவென்று தொடங்கும். ஈரக் கையோடு சுவிட்சைத் தொடாதே என்று கேட்டு வளர்ந்த உடம்பு, தினமும் தானாகத் தோளைக் குறுக்கிக்கொள்ளும்.

"வலி இறங்கியிருக்கா சார்?" என்று அன்றும் வீடியோவில் அந்தப் பெண் வழக்கம்போல் கேட்டார்.

"நல்லாவே இறங்கியிருக்கும்மா."

"சூப்பர் சார். அப்போ கரண்டை இன்னும் கொஞ்சம் ஏத்துங்க. பின்னாடி சாய்க்கிற பயிற்சியையும் கூட்டிக்கலாம்."

குமிழைத் திருகப் போனேன். மனைவி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னாங்க நீங்க! எங்க எறங்கிச்சுன்னு அந்தப் பொண்ணுகிட்ட சொன்னீங்களா?"

"தோள்லேர்ந்து கட்டைவிரல் வரைக்கும் இறங்கியிருக்கு. அதைத்தானே சொல்றேன்?"

திரையில் அந்தப் பெண்ணின் முகம் அசையவில்லை. சிக்னல் போய்விட்டது என்று நினைத்தேன். போகவில்லை.

"சார், நான் வலி குறைஞ்சிருக்கான்னு கேட்டேன்."

ஒரு வாரமாக ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இருவரும் வேறு வேறு வலியைப் பேசியிருக்கிறோம். நான் ‘இறங்குது’ என்ற ஒவ்வொரு நாளும் கரண்டும் பயிற்சியும் கூடியிருந்தன.

மிஷினை அணைக்கச் சொன்னார். விரல் மரத்துப்போகிறதா, நடை தள்ளாடுகிறதா, சிறுநீர் போவதில் சிரமம் உண்டா என்று கேட்டார். முதல் கேள்விக்கு மட்டும் ஆமாம் என்றேன்.

"நரம்பு அழுந்துதான்னு வீடியோவுல சொல்ல முடியாது சார். கை பலத்தைத் தொட்டுத்தான் பார்க்கணும். நாளைக்கே டாக்டர்கிட்ட நேர்ல போங்க. நடை தள்ளாடினாலோ, கை இன்னும் சோர்ந்தாலோ விடியட்டும்னு இருக்காதீங்க. உடனே எமர்ஜென்சிக்குப் போயிடுங்க."

சாப்பிடும்போது சோற்றைப் பிசையும் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். இவை போனால் நான் எதை அளப்பேன்?

"ஸ்கூல்ல தமிழ்ல நீங்க இன்னா மார்க்கு?" என்றாள் மனைவி. சிரிக்கப் பார்த்தேன்.

மறுநாள் காலை முதல் வேலையாக, கட்டிலில் உட்கார்ந்தபடியே அவளுடைய இரண்டு விரல்களை என் வலக்கைக்குள் வாங்கிக்கொண்டேன்.

"அமுக்குறேன். பலம் எப்படி இருக்குன்னு சொல்லு."

"ம், அமுக்குங்க," என்றாள்.

நான் ஏற்கெனவே அமுக்கிக்கொண்டுதான் இருந்தேன்.