வாடிக் கூட்டத்தைத் தொடங்கிய எங்கள் தம்பி

இந்த நினைவு மலரில் தம்பியை ‘அவர்’ என்று எழுதுவதுதான் முறை என்று அச்சகத்தில் சொன்னார்கள். உயிரோடு இருந்தபோது ஊர் கொடுக்காத மரியாதையை இப்போது எழுத்தில் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. நான் அவனுக்கு மூத்தவள். ‘அவன்’ என்றே எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத் தீவகத்து நாரந்தனையில், எங்கள் வீட்டுக் கடைக்குட்டியாகத் தம்பி பிறந்தான். போர்க்கால இடப்பெயர்வில் தவழ்ந்து, முகாமில் நடை பழகியவன். ஊர் திரும்பிய சில வருடங்களில் அப்பா கடலில் தவறிப்போனார். தம்பி பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுப் படகேறினான். கெட்டிக்காரத் தொழிலாளி என்று பெயர் எடுத்தான்.

பிறகு எடுத்த பெயர் வேறு. முதலில் மாவா. பெட்டிக்கடையில் பொட்டலமாக விற்கும் அந்தப் புகையிலைக் கலவையை இங்கே யாரும் போதை என்று நினைப்பதில்லை. அடுத்தது கஞ்சா. அதற்கும் பிறகு ஹெரோயின் தூள். அம்மாவின் தாலிக்கொடி போனது, படகின் இயந்திரம் போனது. அம்மா கண்ணை மூடியபோது அவன் மறியலில் இருந்தான். சிறைக்காவலர் இருவருக்கு நடுவே வந்து, அம்மாவின் சவப்பெட்டியைத் தொட்டுவிட்டுத் திரும்பிப் போனான். இதையெல்லாம் மலரில் எழுத வேண்டாம் என்று அண்ணா கேட்டார். இதை மறைத்தால் மிச்சக் கதை ஒருவருக்கும் விளங்காது.

விடுதலையானதும் யாரும் சொல்லாமலே ஒரு மறுவாழ்வு இல்லத்தில் போய்ச் சேர்ந்தான். திரும்பி வந்த பிறகு சாகும்வரை அவன் அதைத் தொடவில்லை.

கூட்டத்தைத் தொடங்க வேண்டும் என்று அவன் நினைத்திருக்கவில்லை. ஒரு ஞாயிறு பூசை முடிந்து வரும்போது, எங்கள் ஒழுங்கையில் இருக்கும் ஒரு தாய் அவனை மறித்து, தன் மகனின் சட்டைப்பையில் மாவா கண்டதாகச் சொல்லி அழுதார். தம்பி அந்த மகனையும் அவனுடைய கூட்டாளிகளையும் கரையில் வலை வைக்கும் கொட்டிலான எங்கள் வாடிக்கு வரச் சொன்னான். அடுத்த ஞாயிறும் வந்தார்கள். மெல்ல மெல்ல ஊரின் மறுபக்கத்துக் கோயிலடிப் பிள்ளைகளும் வந்தார்கள். தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளை, கடற்றொழிலாளி வீட்டுப் பிள்ளை என்ற பிரிவு அந்த வாடிக்குள் இருக்கவில்லை. பிறகு அனலைதீவிலிருந்தும் நெடுந்தீவிலிருந்தும் தாய்மார் அழைத்தார்கள். கடல் அடிக்கும் காலத்திலும் போனான்.

பயங்காட்டும் படம் எதையும் அவன் காட்டவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னான்.

“முதல் தரம் காசு கேக்கமாட்டினம். தெரியாத ஆளும் தரமாட்டான். உங்களோட பந்தடிக்கிறவன்தான் தருவான். அவனுக்கு என்ன சொல்லப்போறீங்கள் எண்டு இப்பவே யோசியுங்கோ.”

பிறகு தானே கூட்டாளியாக நடித்து, கெஞ்சி, கேலி செய்து, கோபித்துப் பார்ப்பான். பிள்ளைகள் மறுத்துப் பழக வேண்டும். சிரிப்பும் சத்தமுமாகத்தான் இருக்கும். ஆனால் அப்படிப் பழகிய பலர் இன்றும் நிமிர்ந்து நடக்கிறார்கள்.

இதைக் கேள்விப்பட்டு வெளியிலிருந்து ஒரு நிறுவனம் வந்தது. வாடி போதாது, மண்டபத்தில் செய்வோம் என்றார்கள். பதாகை, தொப்பி, உறுதிமொழி, விருந்தினர் உரை எல்லாம் ஆயத்தமாயின. தொடக்க விழாவன்று காலையில் நிறுவன அதிகாரி ஒருவர் தம்பியைத் தனியே அழைத்தார்.

“நீர் குறை நினைக்கக் கூடாது. முந்திப் பாவிச்ச ஒராளை மாணவருக்கு முன்னால நிப்பாட்ட ஏலாது. பெற்றோரும் விரும்பமாட்டினம்.”

“ஓம் சேர், விளங்குது,” என்றான் தம்பி. அன்று முழுவதும் கதிரை அடுக்கினான். அவன் சொல்லிக் கொடுத்ததை ஒலிவாங்கியில் வேறொருவர் வாசித்தார். அந்தப் பெற்றோரில் பலர் அவனிடம் அழுதுகொண்டு வந்தவர்கள். முன்வரிசையில் இருந்து கை தட்டினார்கள்.

திட்டக் காலம் முடிந்ததும் நிறுவனம் போய்விட்டது. தம்பி மறுபடி வாடியைக் கூட்டித் துப்புரவாக்கினான். நிறுவனமே ஒதுக்கியவனிடம் பிள்ளைகளை அனுப்ப வீடுகளுக்கு வெட்கமாகிவிட்டது. இதற்கிடையில் பழைய பிள்ளைகளில் ஒருவன் தூளோடு பிடிபட்டான். வாடியில்தான் பழகியிருப்பான் என்று கதை கட்டினார்கள். தம்பி மெலியத் தொடங்கியதும் கதை இன்னும் வளர்ந்தது. அவன் பழையபடி தொடங்கிவிட்டானாம்.

அவன் மெலிந்தது கணையத்தில் புற்றுநோய் வந்ததால். யாழ்ப்பாணத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது முற்றிவிட்டிருந்தது. நோவுக்கு மோர்பின் ஊசி போடலாம் என்றார் வைத்தியர். தம்பி மறுத்தான். இது மருந்து, தூள் வேறு என்று வைத்தியர் கதிரை போட்டிருந்து விளக்கினார். நானும் கெஞ்சினேன்.

“அக்கா, எனக்குத் தெரியும் அது மருந்தெண்டு. ஊருக்குத் தெரியாது. கடைசியில ஊசியோடதான் செத்தவன் எண்டு சொல்லுவினம். பேந்து என்னட்ட வந்த பெடியள் ஆரை நம்புறது?”

கட்டில் சட்டத்தைப் பிடித்தபடி இரவும் பகலும் கிடந்தான். நினைவு தப்பும்வரை அந்த ஊசியைப் போட விடவில்லை. ஊரின் வாய்க்குப் பயந்து ஒருவன் நோவைத் தின்று சாவதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். அவனை வீரன் என்று எழுதச் சொல்கிறார்கள். அந்தச் சொல்லால் எனக்கு ஓர் ஆறுதலும் இல்லை. அவன் நோவில்லாமல் போயிருக்க வேண்டும்.

செத்த வீட்டுக்கு அந்த நிறுவனத்தின் பதாகையோடு வந்தவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பினோம்.

இனி நன்றி. காசு வாங்காமல் அவனைத் தீவுகளுக்கு ஏற்றிச் சென்ற படகோட்டிகளுக்கும், கடைசி நாட்களில் அவன் கையைப் பிடித்திருந்த ஆஸ்பத்திரித் தாதிக்கும், பெட்டியைத் தோளில் சுமந்த வாடிப் பிள்ளைகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. செத்த வீட்டில் வெட்கப்படாமல் எல்லோர் முன்னும் நின்று அழுத அந்த முதல் தாய்க்கும் நன்றி.

சேமக்காலையில் மண் போட்டு முடிந்ததும் எங்கள் உறவினர் ஒருவர் என் காதருகே குனிந்து, “உண்மையச் சொல்லும், அவன் திரும்பத் தொடங்கினவன்தானே?” என்று கேட்டார். நான் கையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு நடந்தேன். இந்த மலர் அவர் கைக்கும் வரும். இல்லை என்பதே என் பதில். வந்து மண் போட்டதற்கு அவருக்கும் நன்றி. அதற்கு மட்டும்.

— அக்கா