நான் வெட்டியெறிந்த சத்தம்

கீரனூரில் பழைய கேசட்டுகளை எம்பி3 ஆக்கித் தருகிறேன். கொண்டுவருகிறவர்களைக் கண்டாலே எனக்கு இளக்காரம். இருபது வருடம் பரணில் போட்டுவிட்டுத் துல்லியமாகக் கேட்க வேண்டும் என்பார்கள்.

"எங்கப்பா சவுதியிலேர்ந்து பேசி அனுப்புனதுங்க" என்று ஒரு பெண் கேசட் தந்தார். அப்பா பேசி முடித்ததும், ஆடு கத்தும் சத்தத்துக்கு நடுவே யாரோ ஒருத்தி புலம்பினாள். பட்டிக்காட்டு ஜனங்கள், தெரியாமல் ரெக்கார்டு பட்டனை அமுக்கியிருக்கும் என்று அதை வெட்டினேன். நைந்த கேசட்டையும் குப்பை வண்டியில் போட்டேன்.

எம்பி3-ஐப் போட்டுக் கேட்டுவிட்டு அந்தப் பெண் திகைத்தார். "ஆத்தா பேசுனது எங்கங்க? அப்பா அனுப்புற கேசட்டுலயே பதில் பேசி அனுப்பும். இதை அனுப்புறதுக்குள்ள செத்துப்போச்சு. அது கொரலு வேற எங்கிட்டும் இல்லைங்க."

'தேவையற்ற சத்தம் நீக்கித் தரப்படும்' என்று கடைப் பலகையில் எழுதியவன் நான்தான். அதைப் பார்த்தால் இன்றும் காறித் துப்பத் தோன்றுகிறது.